எந்த வழியாக ஏறுவது?

(மலையேற்ற ஆர்வலர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிளிமஞ்சாரோவுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் நம்மிடையே பெருகிவருகிறார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்ற தம்பதிகள், கல்லூரி முடித்த கையோடு கிளம்பும் பிள்ளைகள் என்று பலரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த வழியாக ஏறுவது?" கேட்கும்போதே பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "மராங்கு வழிதான் சுலபமாம்" என்பார் ஒருவர். "மாச்சாமேதான் அழகாம்" என்பார் மற்றவர். "ஐந்தே நாளில் ஏறி இறங்கிவிடலாமாம், செலவும் குறைவாம்" என்பார் மூன்றாமவர்.

சுலபம், அழகு, செலவு மூன்றும் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் அவற்றிலிருந்து தொடங்கினால் முடிவு தவறாகப் போகும். ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கப்போகிறோம்? உச்சிக்குக் கிளம்புமுன் அப்படி எத்தனை இரவுகள் கிடைக்கும்? இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு, பிறகு மற்றவற்றைப் பாருங்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதற்கான காரணங்களைத்தான் இனி விரித்துச் சொல்லப்போகிறேன்.

முதலில் மலையைப் பார்ப்போம். தான்சானியாவின் வடக்கே, கென்ய எல்லையை ஒட்டி, சமவெளியிலிருந்து தன்னந்தனியாக எழுந்து நிற்கும் எரிமலை அது. ஷிரா, மவென்சி, கிபோ என்று மூன்று எரிமலைக் கூம்புகள் சேர்ந்தது. ஷிரா இடிந்து தேய்ந்து இன்று ஒரு பெரிய மேட்டுச் சமவெளியாகக் கிடக்கிறது. மவென்சி 5,149 மீட்டர். கயிறும் பாறையேற்றத் தேர்ச்சியும் இல்லாதவர்கள் அதன் உச்சிக்குப் போக முடியாது. நடந்து ஏறுகிறவர்கள் எல்லோரும் போவது கிபோவுக்குத்தான். அதன் விளிம்பில் இருக்கும் உஹுரு முனை 5,895 மீட்டர். ஆப்பிரிக்கக் கண்டத்தின் உச்சி அதுதான்.

அடிவாரத்தில் சாகா மக்களின் வாழையும் காப்பியும். அதற்கு மேலே மழைக்காடு, பிறகு புதர்வெளி, பிறகு கல்லும் தூசியுமாக ஒரு பாலை, கடைசியில் பனிப்பாறை. ஒரு வாரத்துக்குள் இத்தனையையும் காலால் நடந்தே கடந்துவிடலாம். கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம். அதனாலேயே பலரும் இதைக் கொஞ்சம் நீளமான நடை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். மராங்கு வழியில் போகிறவர் முதல் நாள் இரவே அந்த உயரத்தில்தான் படுக்கிறார். அதற்கு மேல் அவர் ஏறும் மூவாயிரத்துச் சொச்சம் மீட்டருக்கு நம் பக்கத்து மலை எதிலும் பயிற்சி கிடைக்காது. வெள்ளியங்கிரியில் ஏறிக் கால்களைத் திடப்படுத்திக்கொள்ளலாம். மூச்சுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இங்கே இல்லை. அதை அந்த மலையில்தான் செய்துகொள்ள வேண்டும். அதற்கு வேண்டியது நேரம்.

ஏன் நேரம்? உயரத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். மேலே போகப்போகக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. எங்கும் 21 விழுக்காடுதான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் அளவு குறைகிறது. உடல் உடனே செய்வது வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குவது. அப்படி வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அந்தக் காரம் மூச்சை மட்டுப்படுத்தப் பார்க்கும். சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் காரத்தை வெளியேற்றிய பிறகுதான் மூச்சு தடையில்லாமல் கூட முடியும். இதற்குச் சில நாட்கள் ஆகும். சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஒரு வார மலையேற்றத்தில் நம்மைக் காப்பது மூச்சில் வரும் இந்த மாற்றம்தான். உயரத்தை உடல் தவணை முறையில்தான் வாங்கிக்கொள்ளும். ஒரே தடவையில் கட்டிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் அது ஏற்காது.

தூக்கத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். விழித்திருக்கும்போது நாம் நன்றாக மூச்சு வாங்குகிறோம். தூங்கும்போது மூச்சு தளர்கிறது. உயரத்தில் தூங்குகிறவருக்குச் சில கணங்கள் மூச்சு நின்று, பிறகு திடுக்கென்று வாங்குவதும் உண்டு. அப்போது இரத்தத்தில் பிராணவாயு பகலில் இருந்ததைவிட இறங்கிவிடுகிறது. அதனால்தான் மலை மருத்துவம் பகலில் தொட்ட உயரத்தைவிட இரவு படுத்த உயரத்தைக் கவனிக்கச் சொல்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் உயரம் கூட்டாமல் இரு என்பதே மருத்துவர்கள் வகுத்த பொது விதி. பகலில் உயரப் போய்விட்டு இரவில் கீழே வந்து படு என்று மலையேறிகள் சொல்வதும் இதைத்தான்.

விதியை மீறினால் என்ன ஆகும்? முதலில் தலைவலி. கூடவே குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு, சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு. இது மலை நோயின் எளிய வடிவம். அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். பொருட்படுத்தாமல் மேலே போனால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் வரும். சிலருக்கு மூளை வீங்கும். பேச்சு குழறும், குதிகாலையும் கால்விரலையும் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவார்கள். இவ்விரண்டும் உயிரைக் குடிக்கக்கூடியவை. இரண்டுக்கும் முதல் மருந்து, நடுராத்திரியானாலும் தாமதிக்காமல் கீழே இறக்குவதுதான். இதில் உடல் வலிமை உதவாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவருக்கும் வரும். அறுபது வயதுக்காரருக்கு வராமலும் போகும். சொல்லப்போனால் வலுவான இளைஞர்கள்தான் கால் வலிக்கவில்லையே என்று விரைவாக ஏறி அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 'போலே போலே' என்று கிளிமஞ்சாரோ வழிகாட்டிகள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். மெதுவாக, மெதுவாக என்று பொருள். அது வெறும் உபசார வார்த்தை என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது வழிகளுக்கு வருவோம். நான் சொல்லும் உயரங்கள் ஏறத்தாழவானவை. வரைபடத்துக்கு வரைபடம் சில பத்து மீட்டர் மாறும்.

மராங்கு வழி தென்கிழக்கிலிருந்து ஏறுகிறது. எல்லாவற்றிலும் பழைய வழி. கூடாரம் இல்லாமல் மரக் குடில்களில் படுக்கும் வசதி இதில் மட்டும்தான். பாதையும் சீரான ஏற்றம். சுலபம் என்ற பெயர் இதனால் வந்தது. இரவுகளைப் பாருங்கள். முதல் இரவு மந்தாரா குடில், 2,700 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,700. மூன்றாம் இரவு கிபோ குடில், 4,700. ஓர் இரவுக்கு ஆயிரம் மீட்டர்! விதி சொல்வதைப் போல இரண்டு மடங்கு. மூன்றாம் இரவிலும் முழுத் தூக்கம் கிடையாது. நள்ளிரவில் எழுப்பி உச்சிக்குக் கூட்டிப்போவார்கள். ஐந்து நாள் திட்டம் என்று விற்கப்படுவது இதுதான். காலுக்குச் சுலபமான வழி, மூச்சுக்குக் கடினமான வழியாக இருக்கிறது. ஹொரொம்போவில் இன்னோர் இரவு சேர்த்து ஆறு நாளாக்கினால் நிலைமை ஓரளவு மாறும். அந்த நடு நாளில் மேலே வரிக்குதிரைப் பாறை வரை நடந்துவிட்டு வந்து மறுபடியும் ஹொரொம்போவிலேயே படுக்கலாம். மராங்குதான் என்று முடிவு செய்தவர்கள் ஆறு நாளுக்குக் குறைந்து ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மாச்சாமே வழி தென்மேற்கிலிருந்து போகிறது. இன்று கூட்டம் மிகுந்த வழி. முதல் இரவு 2,850, இரண்டாம் இரவு ஷிரா குகை முகாம் 3,800. மூன்றாம் நாள்தான் இந்த வழியின் சிறப்பு. அன்று 4,600 மீட்டரில் இருக்கும் எரிமலைக் குழம்புக் கோபுரம் வரை ஏறி, மதியச் சாப்பாட்டை அங்கே முடித்து, மாலையில் 3,950 மீட்டரில் உள்ள பரான்கோ முகாமுக்கு இறங்கிவிடுகிறார்கள். நாள் முழுக்க நடந்தும் படுக்கும் உயரம் 150 மீட்டர்தான் கூடியிருக்கிறது. அந்தக் கோபுரத்தின் அடியில் மதியம் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் கண்ணெதிரே தெரியும். காலையில் பாடிக்கொண்டு வந்தவர்கள் அங்கே தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். சமையல்காரர் ஊற்றிக்கொடுத்த சூப்பு கையில் ஆறிக்கொண்டிருக்கும். அதே ஆட்கள் இரண்டு மணி நேரம் கழித்து, பரான்கோ பள்ளத்தாக்கின் ராட்சத செனீசியோ மரங்களுக்கிடையே இறங்கும்போது பேச்சுக் கச்சேரி மறுபடியும் தொடங்கிவிடும். அறுநூற்றைம்பது மீட்டர் இறக்கம் செய்யும் வேலை அது.

அந்த செனீசியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் அந்தச் செடி, காய்ந்த இலையை உதிர்ப்பதில்லை. தண்டைச் சுற்றிப் போர்வையாக வைத்துக்கொள்கிறது. இரவில் உச்சியிலுள்ள இலைகளைக் குவித்துக் குருத்தைக் குளிரிலிருந்து காக்கிறது. தினமும் பகலில் வெயிலும் இரவில் உறைபனியும் மாறி மாறி வரும் மலையில் பிழைக்க அது கண்ட வழி. பரான்கோவில் ஓர் இரவு தங்குகிறவர்கள் மாலை மங்குமுன் ஒரு செடியின் அருகே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் காலை பரான்கோ சுவர். சுமார் 250 மீட்டர் பாறை. கயிறு வேண்டாம், ஆனால் சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. நிதானமாகப் போனால் எவரும் ஏறிவிடலாம். அதன் பிறகு கராங்கா முகாம், 4,000 மீட்டர். அதற்கடுத்த இரவு பராஃபு, 4,650. மாச்சாமேயை ஆறு நாளில் முடிக்கிறவர்கள் கராங்காவில் படுக்காமல் ஒரே நாளில் பராஃபுவுக்குப் போய், அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்புகிறார்கள். ஏழு நாள் என்றால் கராங்காவில் ஓர் இரவு கிடைக்கிறது. ஆறுக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாடு ஒரு நாள் கட்டணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். களைத்த உடலோடு உச்சிக்குக் கிளம்புவதா, தூங்கி எழுந்த உடலோடு கிளம்புவதா என்பதுதான் அங்கே கேள்வி.

லெமோஷோ வழி மேற்கிலிருந்து, லோன்டொரொசி வாயில் பக்கமாகத் தொடங்குகிறது. ஆட்கள் குறைந்த காடு; முதல் இரவு பெருமர முகாம், 2,650. அடுத்து ஷிரா மேட்டுச் சமவெளியில் இரண்டு இரவுகள், 3,500, 3,850. பிறகு மாச்சாமே வழியோடு சேர்ந்து, கோபுரம், பரான்கோ, கராங்கா, பராஃபு. எட்டு நாள் திட்டத்தில் உச்சிக்கு முன் ஆறு இரவுகள். நடுவிலுள்ள இரவுகளில் படுக்கும் உயரம் கூடுவது 350, 100, 50 மீட்டர். விதியை மீறும் இடம் காட்டை விட்டு வெளியே வரும் இரண்டாம் இரவும், பராஃபு இரவும் மட்டும்தான். கிளிமஞ்சாரோவில் விதியை முழுக்க மதிக்கும் வழி எதுவும் இல்லை. எது குறைவாக மீறுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வடக்குச் சுற்று வழியும் இதே மேற்குப் பக்கம்தான் தொடங்குகிறது. ஷிராவிலிருந்து தெற்கே திரும்பாமல் மலையின் வடக்குச் சரிவைச் சுற்றிக்கொண்டு, 4,000 மீட்டருக்கு மேலும் கீழுமாகச் சில இரவுகள் படுத்து, கிழக்கிலிருந்து உச்சிக்கு ஏறுகிறது. வழக்கமாக ஒன்பது நாள். உடல் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி அங்கே இல்லை. வடக்குச் சரிவில் மனித நடமாட்டமும் குறைவு. செலவு அதிகம் என்பதும், அவசரமென்றால் வாகனப் பாதைக்கு வந்து சேர நேரமாகும் என்பதும் அதன் குறைகள்.

ரொங்காய் வடகிழக்கில், கென்ய எல்லைப் பக்கத்திலிருந்து ஏறுகிறது. மழை மறைவுப் பகுதி என்பதால் வறண்ட வழி. 2,600, 3,600 என்று ஏறி, மவென்சியின் காலடியிலுள்ள சிறு ஏரிக்கரையில் 4,300 மீட்டரில் படுத்து, கிபோ குடிலுக்குப் போகிறது. ஏரிக்கரையில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கும் ஏழு நாள் திட்டம்தான் இதில் ஏற்றது. உம்ப்வே தெற்கிலிருந்து செங்குத்தாக ஏறி இரண்டாம் இரவிலேயே பரான்கோவைத் தொட்டுவிடும். உயரத்துக்கு ஏற்கெனவே பழகியவர்களுக்கான வழி அது. முதல் தடவை போகிறவர்கள் அதை மறந்துவிடலாம். மேற்கு உடைவு என்று ஒரு வழியும் உண்டு. பனி உருகும்போது பிடிவிட்ட கற்கள் உருண்டு வரும் சரிவு அது. 2006 ஜனவரியில் அங்கே கல் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அழகுக்காக அந்தச் சரிவுக்குக் கீழே போய்ப் படுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரவுகளின் கணக்கு இன்றைக்குக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. இந்த மலையின் முதல் ஏற்றமே அதற்குச் சான்று. ஜெர்மானியரான ஹான்ஸ் மேயர் 1887இல் வந்தார். பனியைக் கடக்க முடியாமல் திரும்பினார். 1888இல் கடலோரத்தில் நடந்த கிளர்ச்சியில் சிறைப்பட்டு, மலையை நெருங்கவே முடியாமல் போனார். 1889இல் ஆஸ்திரிய மலையேறி லுட்விக் புர்ட்ஷெல்லரோடு மூன்றாம் முறை வந்தபோது திட்டத்தை மாற்றினார். மராங்குவிலிருந்து மேலே, இடையிடையே முகாம்கள் போட்டார். 4,300 மீட்டரில் ஒரு முகாமை நிலையாக வைத்து, கீழேயிருந்து சில நாட்களுக்கு ஒருமுறை உணவு வந்துகொண்டிருக்க ஏற்பாடு செய்தார். உள்ளூர்ச் சுமையாளர்கள் உணவைக் கொண்டுவந்தார்கள். பங்கானியைச் சேர்ந்த முவினி அமானி மேல் முகாமில் இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டார். அக்டோபர் 3ஆம் தேதி இருவரும் எரிமலை வாயின் விளிம்பை எட்டினார்கள். உச்சி இன்னும் தள்ளியிருக்கிறது என்று கண்டதும் இறங்கிவிட்டார்கள். ஓய்வெடுத்து, முகாமை இன்னும் மேலே கொண்டுபோய், 6ஆம் தேதி உச்சியை அடைந்தார்கள். பனிக்கோடரி உதவியது உண்மை. ஆனால் திரும்பிப் போய்ப் படுத்து மறுபடியும் வர அவருக்கு இடமும் உணவும் இருந்ததால்தான் அந்த 6ஆம் தேதி சாத்தியமாயிற்று.

இன்று நமக்கு இரண்டாம் முயற்சி கிடையாது. விமானச் சீட்டு காத்திருக்கிறது, விடுமுறை முடிகிறது. ஒரே இரவு. அந்த இரவில் பராஃபுவிலிருந்து உஹுருவுக்கு 1,250 மீட்டர் ஏற வேண்டும். நள்ளிரவில் கிளம்பி, தலைவிளக்கு வெளிச்சத்தில், உறைபனிக்கும் பல டிகிரி கீழான குளிரில், சரளைச் சரிவில் ஆறு ஏழு மணி நேரம். ஸ்டெல்லா முனையில் விளிம்பை எட்டினால், அங்கிருந்து உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர நடை. கிபோ குடிலிலிருந்து ஏறுகிறவர்கள் முதலில் எட்டுவது கில்மன் முனை. அங்கிருந்து ஸ்டெல்லா வழியாக உச்சிக்கு விளிம்பிலேயே நெடுந்தொலைவு நடக்க வேண்டும். பலருக்குக் கில்மனிலேயே தெம்பு தீர்ந்துவிடுகிறது. வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கடைசித் துண்டையும் பாருங்கள். கில்மனுக்கும் ஸ்டெல்லாவுக்கும் கிளிமஞ்சாரோ தேசியப் பூங்கா நிர்வாகம் சான்றிதழ் கொடுக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அதோடு திரும்புவது இழுக்கில்லை.

ஏறும் வழியைப் பேசுகிற நாம் இறங்கும் வழியை மறந்துவிடுகிறோம். மாச்சாமே, லெமோஷோ, உம்ப்வே வழியாக ஏறியவர்கள் ம்வேகா வழியாக இறங்குவார்கள். உச்சியைத் தொட்ட அதே நாளில் 3,100 மீட்டரிலுள்ள முகாம் வரை, அதாவது 2,800 மீட்டர் இறக்கம். தூங்காத உடலோடு அந்த இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு, நீளமானாலும் சரிவு குறைந்த மராங்கு இறக்கம் ஏற்றது. ரொங்காயில் ஏறியவர்களும் அதில்தான் இறங்குகிறார்கள். நோயாளியை இறக்குவதற்கு ஒற்றைச் சக்கர ஸ்டிரெச்சர் வைத்திருக்கிறார்கள். நான்கைந்து பேர் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கற்களின் மேல் அதைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்குவார்கள். மேலே படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். அந்த வண்டியில் ஏறும் நிலை வருமுன் சொந்தக் காலில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நம்மோடு வருகிறவர்களின் பங்கும் இந்தத் தேர்வில் இருக்கிறது. பூங்கா வாயிலில் தராசு தொங்கும். ஒவ்வொரு சுமைதூக்கியும் தன் மூட்டையை அதில் மாட்டி நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் மேலே போக முடியும். ஒருவருக்கு 20 கிலோ வரை என்பது பூங்கா விதி. பராஃபுவில் தண்ணீர் கிடையாது. கராங்கா பள்ளத்தாக்குதான் அந்தப் பக்கத்தில் கடைசி ஓடை. கிபோ குடிலிலும் தண்ணீர் இல்லை. கீழேயிருந்துதான் வர வேண்டும். உச்சிக்குக் கிளம்புமுன் நீங்கள் குடிக்கும் தேநீர், குடுவையில் நிரப்பும் வெந்நீர் எல்லாம் யாரோ ஒருவர் தலையில் ஏறி வந்தவை. கூடுதல் நாள் என்றால் அவர்களுக்குக் கூடுதல் கூலி. ஆனால் அது உண்மையில் அவர்கள் கைக்குப் போய்ச்சேர வேண்டும். மலிவான திட்டம் எங்கே மிச்சம் பிடிக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் உங்கள் இரவிலும் அவர்கள் கூலியிலும்தான். சுமைதூக்கிகளின் நலனுக்கென்று 2003 முதல் அங்கே இயங்கும் அமைப்பு, நியாயமாக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள்.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரையும், ஜனவரி, பிப்ரவரியும் உலர்ந்த மாதங்கள். மார்ச் பாதியிலிருந்து மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. பெருமழைக் காலத்தில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் ரொங்காயைப் பாருங்கள். தெற்குச் சரிவைவிட அங்கே நனைவது குறைவு.

இனி, யாருக்கு எது? முதல் தடவை உயரத்துக்குப் போகிறவர்களுக்கு எட்டு நாள் லெமோஷோ என்பதே என் பதில். அவ்வளவு நாள் முடியாதவர்களுக்கு ஏழு நாள் மாச்சாமே. கூடாரத்தில் படுக்க முடியாதவர்களுக்கு ஆறு நாள் மராங்கு. அதற்கு முன், முடிந்தால், பக்கத்திலுள்ள மேரு மலையில் மூன்று நான்கு நாள் ஏறிவிட்டு வாருங்கள். 4,566 மீட்டர் உயரமுள்ள மேரு உடலைப் பழக்கும். பணமும் விடுமுறையும் தாராளமாக உள்ளவர்கள் வடக்குச் சுற்றுக்குப் போகலாம். அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றியும் கேட்பீர்கள். சிறுநீரகம் காரத்தை வெளியேற்றுவதை அது விரைவுபடுத்துகிறது, பலருக்கு உதவுகிறது. வேண்டுமா, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். ஆனால் மாத்திரையை நம்பி ஓர் இரவைக் குறைக்கக் கூடாது.

பயணத்தை நடத்தும் நிறுவனத்திடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒவ்வோர் இரவும் எந்த முகாம், எவ்வளவு உயரம்? வழிகாட்டிகள் தினமும் காலையும் மாலையும் எங்கள் உடல்நிலையைச் சோதித்துக் குறித்துவைப்பார்களா? ஒருவர் திரும்ப வேண்டியிருந்தால் அவரோடு இறங்க உதவி வழிகாட்டி இருக்கிறாரா, மற்றவர்கள் தொடர முடியுமா? சுமைதூக்கிகளுக்கு என்ன கூலி, என்ன சாப்பாடு? இவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்லும் நிறுவனம் பத்தாயிரம் இருபதாயிரம் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

இன்னொன்றையும் கிளம்புமுன் செய்துவிடுங்கள். கூட வருகிறவர்களோடு உட்கார்ந்து, எந்த அறிகுறி வந்தால் திரும்புவது என்பதைச் சமவெளியிலேயே பேசி முடித்துவிடுங்கள். மேலே போனபின் மூளையே மங்கியிருக்கும். அப்போது எடுக்கும் முடிவை நம்ப முடியாது. கணவன் மனைவியாகப் போகிறவர்கள், நண்பர்களாகப் போகிறவர்கள், ஒருவர் "இறங்கலாம்" என்று சொன்னால் மற்றவர் வற்புறுத்துவதில்லை என்று வாக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆகவே பணம் கட்டுமுன் ஒரு தாளை எடுத்து இரவுகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உயரத்தை எழுதுங்கள். முந்தைய இரவுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கழித்துப் பாருங்கள். ஐந்நூறைத் தாண்டும் இடமெல்லாம் ஒரு கோடு போடுங்கள். கோடு போட்ட இடங்களில் எந்தத் திட்டம் குறைவாக மீறுகிறதோ, உச்சிக்கு முன் எதில் இரவுகள் அதிகமோ அதைத் தேர்ந்தெடுங்கள். விலை அதிகமாக இருந்தால் ஓராண்டு காத்திருந்து பணம் சேர்த்துப் போங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு நலமாகத் திரும்பி வர வேண்டும் என்பதே என் ஆசை.